கடலில் 31 ஆண்டுகள், வீட்டில் ஓர் அப்பா

நேயர்களுக்கு வணக்கம்.

கடற்படையில் சேருகிறவர்களில் பலர் நான்கைந்து வருடத்தில் வெளியே வந்துவிடுவார்கள். ஒரு தொழில் கையில் இருக்கும், கொஞ்சம் உலகம் பார்த்திருப்பார்கள், வயது இருபத்தைந்தைத் தாண்டியிருக்காது. அவர்களைப் பற்றி இன்று நான் பேசப்போவதில்லை. உள்ளேயே தங்கிவிடுகிற சிலர் இருக்கிறார்கள். அமெரிக்கக் கடற்படையில் இருபது ஆண்டு முடித்தால், பழைய விதிப்படி, அடிப்படைச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியமாக வரும். முப்பது ஆண்டு இருந்தால் முக்கால் பங்கு. சாதாரண மாலுமியாகச் சேர்ந்தவர்களின் உடுப்பில், இடது கையில் சாய்வாகக் கோடுகள் தைத்திருக்கும், நான்கு வருடத்துக்கு ஒன்று. 2019 வரை, கறை படியாத நடத்தையோடு பன்னிரண்டு ஆண்டு ஓடினால்தான் அந்தக் கோடுகள் தங்க நிறத்துக்கு மாறின. சட்டைக் கையைப் பார்த்தாலே ஆளின் வரலாறு தெரிந்துவிடும்.

அப்படி ஏழு கோடு சேர்த்த ஒருவர் கார்ல் பிரஷீர். 1948-இல் சேர்ந்து 1979-இல் ஓய்வு பெற்றவர். ஒரு காலை இழந்த பிறகும் கடலுக்கு அடியில் இறங்கி வேலை செய்தவர் என்று பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள், அவரை வைத்துத் திரைப்படமும் வந்தது. படம் ஒரு வீரரைக் காட்டியது. சரி, அது படத்தின் வேலை. எனக்கு அவரை நான்கு பிள்ளைகளுக்கு அப்பாவாகவும் பார்க்கத் தோன்றுகிறது. அப்படிப் பார்த்தால் கணக்கு அவ்வளவு எளிதாக நேராவதில்லை.

அவர் பிறந்தது 1931 ஜனவரியில், கென்டக்கி மாநிலத்தின் டோனிவில் என்ற சிறு ஊரில். அப்பா வாரத்துக்குப் பயிர் செய்தவர். நிலம் இன்னொருவருடையது, விளைந்ததில் ஒரு பங்குதான் வீட்டுக்கு வரும். பிறகு சொனோரா என்ற ஊருக்குப் பக்கத்தில் பண்ணையில் வளர்ந்தார். கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒதுக்கிய பள்ளிக்கூடம், அதுவும் தொடக்க வகுப்புகளோடு நின்றது. பதினேழு வயதில், 1948 பிப்ரவரி 25 அன்று, கடற்படையில் சேர்ந்தார்.

அந்தத் தேதியைக் கொஞ்சம் கவனியுங்கள். அதற்கு ஐந்து மாதம் கழித்து, ஜூலை 26 அன்றுதான் ராணுவத்தில் இனப் பாகுபாடு கூடாது என்ற 9981-ஆம் எண் ஆணையில் குடியரசுத் தலைவர் ட்ரூமன் கையெழுத்திட்டார். ஆணை வந்த அன்றே கப்பல்கள் மாறிவிடவில்லை. கறுப்பினத்தவர் கடற்படையில் சேர்ந்தால் பெரும்பாலும் கிடைத்தது ஸ்டூவர்டு வேலைதான். அதிகாரிகளுக்குச் சாப்பாடு பரிமாற வேண்டும், படுக்கை விரிக்க வேண்டும், காலணிக்குப் பளபளப்பு ஏற்ற வேண்டும். ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட் தளத்தில் பிரஷீருக்கும் முதலில் அதிகாரிகளின் சாப்பாட்டு அறைதான் வாய்த்தது.

அங்கிருந்து, கடல் விமானங்களைக் கரையேற்றி இறக்கும் வேலைக்கு மாறினார். அப்புறம் போசன் மேட். கப்பலின் மேல்தளத்தில் வடம், சங்கிலி, நங்கூரம், பாரம் தூக்கும் கருவிகள் எல்லாம் அவர்கள் பொறுப்பு. கை மரத்துப்போகும் வேலை, ஆனால் கப்பலில் மரியாதை உள்ள வேலை. ஒரு நாள் விமானம் ஒன்று கப்பலிலிருந்து கடலில் விழுந்துவிட்டது. அதைத் தூக்கக் கயிறு மாட்ட வேண்டும். ஒரு மூழ்காளர் செம்புத் தலைக்கவசத்தோடு நீரில் இறங்கினார். மேலே நின்று அதைப் பார்த்த பிரஷீர் அன்றே முடிவு கட்டிவிட்டார், தன் தொழில் இதுதான் என்று.

முடிவு கட்டுவது அவர் கையில், அனுமதிப்பது அவர்கள் கையில். விண்ணப்பம் போட்டார். காணோம் என்றார்கள். மறுபடி போட்டார். இப்படியே போய், 1954-இல்தான் நியூஜெர்சியின் பேயோன் நகரில் இருந்த பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்தது. அங்கே நுழைந்த முதல் கறுப்பினத்தவர் அவர். படுக்கையின் மேல் துண்டுச் சீட்டுகள் கிடக்கும், இன்றைக்கு உன்னை மூழ்கடிக்கப் போகிறோம் என்று. நீருக்கடியில் மூச்சுக் காற்றே மேலே நிற்கிறவர்கள் அனுப்புவதுதான் என்னும்போது அந்த மிரட்டலுக்கு என்ன கனம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். விட்டுவிட்டுப் போய்விடலாம் என்று ஒரு கட்டத்தில் நினைத்திருக்கிறார். பள்ளியில் இருந்த மூத்த போசன் ஒருவர்தான் அவரைப் பிடித்து உட்கார வைத்து, போகாதே என்று தடுத்தாராம்.

அந்தக் காலத்து உடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மார்க் ஃபைவ் என்று பெயர். தலைக்கவசம் மட்டும் ஏறக்குறைய 25 கிலோ. இடுப்பில் ஈயக் கட்டிகள் கோத்த பட்டை, காலில் ஈய அடி வைத்த காலணி. எல்லாம் மாட்டினால் 85 கிலோவுக்கு மேல் போகும், ஒரு முழு ஆளைத் தூக்கிச் சுமப்பது போலத்தான். நீருக்குள் போனபின் பாரம் குறையும். ஆனால் படுகையில் சேற்றைக் கிளப்பிவிட்டால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. மூழ்காளரின் வேலை பெரும்பாலும் கையால் தடவித் தெரிந்துகொள்கிற வேலைதான்.

அடுத்து வருவதுதான் இந்த வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. காலைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். முதல் வகுப்பு மூழ்காளராகப் பயிற்சிக்குப் போனார், 1960-இல். தோற்றார். உடம்பு தோற்கவில்லை, பாடம் தோற்கடித்தது. ஆழம் கூடக் கூட அழுத்தம் எப்படி ஏறும், ரத்தத்தில் வாயு எவ்வளவு கரையும், எந்த ஆழத்திலிருந்து எவ்வளவு நேரம் எடுத்து மேலே வரவேண்டும், அவசரப்பட்டு வந்தால் மூட்டுகளில் என்ன நடக்கும் என்று எல்லாமே இயற்பியலும் கணக்கும் மருத்துவமும். தொடக்கப் பள்ளியோடு படிப்பை நிறுத்திய ஒருவர், முப்பது வயதை ஒட்டி, வீட்டில் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பாடப் புத்தகங்களைத் திறந்து உட்கார்ந்தார். மூன்று ஆண்டு கழித்து 1963-இல் மறுபடி போய்த் தேறினார். உடம்பில் தெம்பிருந்தால் எடை தூக்கிவிடலாம். எட்டாத பாடத்தை அந்த வயதில் எட்டிப் பிடிக்க வேறு வகைத் தெம்பு வேண்டும்.

1966 ஜனவரி 17. ஸ்பெயின் நாட்டின் பலோமாரேஸ் கிராமத்துக்கு மேலே, அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானம் ஒன்று வானிலேயே எரிபொருள் நிரப்ப வந்து, எரிபொருள் விமானத்தோடு மோதியது. ஏழு பேர் இறந்தார்கள். குண்டுவீச்சு விமானத்தில் நான்கு ஹைட்ரஜன் குண்டுகள் இருந்தன. மூன்று நிலத்தில் விழுந்தன. அவற்றில் இரண்டின் சாதாரண வெடிமருந்து வெடித்து, புளூட்டோனியம் அந்தப் பக்கத்து வயல்களில் சிதறியது. நான்காவது கடலுக்குள் போனது. ஃபிரான்சிஸ்கோ சிமோ ஓர்ட்ஸ் என்ற மீனவர், பாராசூட்டோடு ஏதோ கடலில் விழுந்ததைப் பார்த்திருந்தார். அத்தனை கருவிகளோடு வந்த பெரிய கடற்படைக்கு அந்த மீனவரின் கண்தான் வழிகாட்டியாக இருந்தது. ஆல்வின் என்ற சிறு நீர்மூழ்கி மார்ச் மாதம் குண்டைக் கண்டுபிடித்தது. தூக்கும்போது கயிறு அறுந்து மீண்டும் தொலைந்து, மீண்டும் கிடைத்து, ஏப்ரல் 7 அன்று சுமார் 2,900 அடி ஆழத்திலிருந்து மேலே வந்தது.

அந்தத் தேடலில் இருந்த மீட்புக் கப்பல்களில் ஒன்று ஹாய்ஸ்ட். பிரஷீர் அதில்தான் இருந்தார். மார்ச் மாதக் கடைசியில், பாரம் ஏற்றிக்கொண்டிருந்தபோது வடம் அறுந்து, அதைக் கட்டியிருந்த இரும்புக் குழாய் பிய்த்துக்கொண்டு தளத்தின் குறுக்கே பறந்தது. பக்கத்தில் நின்றவர்களைத் தள்ளிவிட்டார். குழாய் அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே தாக்கியது. எழுந்து ஓடப் பார்த்து, அப்படியே விழுந்தார். கப்பலில் மருத்துவர் இல்லை. ரத்தம் போய்க்கொண்டே இருந்தது. மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தபோது ஆள் முடிந்துவிட்டார் என்றே நினைத்ததாகவும், பிறகுதான் மெல்லிய துடிப்பு தெரிந்ததாகவும் அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். மற்றவர்களைக் காத்ததற்காகக் கடற்படை மற்றும் மெரின் படைப் பதக்கம் கிடைத்தது. போர்க்களத்துக்கு வெளியே காட்டும் வீரத்துக்குக் கடற்படை கொடுக்கும் பெரிய பதக்கம் அது.

கால் ஆறவில்லை, சீழ் பிடித்தது. வர்ஜீனியாவின் போர்ட்ஸ்மவுத் கடற்படை மருத்துவமனையில், பொறுத்திருந்தால் சில ஆண்டுகளில் நடக்க வைத்துவிடலாம் என்றார்கள். அவ்வளவு நாள் தனக்குத் தாங்காது, எடுத்துவிடுங்கள் என்றார் இவர். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். மருத்துவர்கள் ஓய்வு கொடுத்து அனுப்பத் தயாரானார்கள். இவர் செயற்கைக் காலோடு, நண்பர் ஒருவர் பொறுப்பில் இருந்த மூழ்கு தளத்துக்குப் போய், அவர் தயங்கத் தயங்க, உடை மாட்டிக்கொண்டு நீரில் இறங்கினார். கையோடு படமும் எடுத்துக்கொண்டார். என்னால் முடியும் என்று வாயால் சொன்னால் யார் கேட்பார்கள்? படத்தைக் காட்டலாம் அல்லவா?

இதில் மருத்துவர்களை வில்லன்களாக்கிவிடக் கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது. கடலடியில் ஒருவர் தடுமாறினால் அவர் மட்டும் சாவதில்லை, அவரை மீட்க இறங்குகிறவரின் உயிரும் சேர்ந்து ஆபத்தில் சிக்கும். சந்தேகப்படுவது அவர்கள் கடமை. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கத்தான் ஓராண்டு முழுக்கச் சோதித்தார்கள். காலையில் மற்றவர்களோடு உடற்பயிற்சி, ஓட்டம், அப்புறம் நீருக்குள் இறக்கம். ஓடிவிட்டு வந்து செயற்கைக் காலைக் கழற்றினால் சில நாள் அதன் குழிக்குள் ரத்தம் தேங்கி நிற்குமாம். மருத்துவ அறைக்குப் போனால் பதிவாகிவிடும், பதிவானால் கதை முடிந்தது. யாரும் பார்க்காத இடமாகப் போய், வாளியில் சுடுநீர் ஊற்றி, உப்புப் போட்டு, வெட்டுப்பட்ட காலை அதில் ஊற வைப்பார். மறுநாள் காலையில் மறுபடி ஓட்டம். 1968-இல் அவர் மீண்டும் மூழ்காளராகச் சான்று பெற்றார். கால் இழந்தபின் அமெரிக்கக் கடற்படையில் அப்படிச் சான்று பெற்ற முதல் ஆள். 1970-இல் மாஸ்டர் டைவர், அந்தத் தொழிலின் உச்சப் படி.

இதுவரை சொன்னது உங்களில் சிலருக்குத் தெரிந்த கதைதான். இனி வீட்டுப் பக்கம் வருவோம்.

1952-இல் திருமணம், நான்கு மகன்கள். அப்பா வாளியில் காலை ஊற வைத்துக்கொண்டிருந்த அந்த ஆண்டில் வீடு எப்படி ஓடியிருக்கும்? கடற்படைக் குடும்பத்தில் வீட்டை நடத்துகிறவர் மனைவிதான். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு மாற்றல், பிள்ளைகளுக்குப் புதுப் பள்ளி, புதுத் தெரு. நடுவில் மாதக்கணக்கில் அவர் கடலில். பாத்திரம் கழுவும் தொட்டி அடைத்துக்கொண்டால், பிள்ளைக்கு நள்ளிரவில் காய்ச்சல் வந்தால், எந்தக் கப்பலைக் கூப்பிடுவது? ஸ்பெயின் கடலில் கணவர் கிடந்த செய்தி வந்தபோது அந்த அம்மா கையில் நான்கு பையன்கள். அவருக்கு யாரும் சட்டைக் கையில் கோடு தைத்துக் கொடுக்கவில்லை.

1987-இல் காத்லீன் வெஸ்டல் லோகன் என்பவர் அமெரிக்கக் கடற்படைக் கழகத்தின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். கணவர் கடலுக்குப் போகும்போது மனைவியின் மனம் எப்படிக் கட்டம் கட்டமாக மாறுகிறது என்பதை ஏழு நிலையாகப் பிரித்திருந்தார். போவதற்கு முந்தைய வாரங்களில் காரணமில்லாமல் சண்டை வரும், கட்டிலில் பக்கத்தில் படுத்திருந்தும் மனம் விலகிவிடும், போனபின் குழப்பம், பிறகு ஒரு நிலைக்கு வருதல் என்று நீள்கிறது. எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது, திரும்பி வருவதும் ஒரு நெருக்கடி என்று அவர் சொன்னதுதான். துறைமுகத்தில் கட்டிப்பிடித்து அழும் புகைப்படம் எல்லாரும் பார்த்தது. அதற்கு அடுத்த வாரம் யாரும் படம் எடுப்பதில்லை. அவர் இல்லாத ஆறு மாதத்தில் மனைவி வரவு செலவைத் தனியாகப் பார்த்துப் பழகியிருப்பார். மூத்த பையன் அம்மாவிடம் மட்டும் அனுமதி கேட்டுப் பழகியிருப்பான். சின்னவன் புது ஆளைப் பார்ப்பது போல் ஒதுங்கி நிற்பான். வந்தவரோ தளத்தில் நூறு பேர் தன் குரலுக்கு நகர்ந்த பழக்கத்தில் இருப்பார். வீட்டில் குரல் உயரும்போது யாரும் நகர மாட்டார்கள், கதவு மட்டும் சாத்தப்படும். வீட்டுக்குத் தலைவர் என்ற பெயர் அவருக்காகவே காத்திருக்கும். அந்த இடத்தை ஒவ்வொரு தடவையும் வந்து புதிதாகச் சம்பாதிக்க வேண்டியிருக்கும்.

பிரஷீர் வீட்டில் நடந்தது இதுவேதான் என்று நான் சொல்லவில்லை, அவர்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நான் நின்றதில்லை. ஊரறிந்தது இவ்வளவுதான்: முதல் மணவாழ்க்கை 1978-இல் முடிந்தது. மறு ஆண்டு அவர் ஓய்வு பெற்றார். பிறகு வந்த இரண்டு திருமணங்களும் நீடிக்கவில்லை. மூத்த மகன் அவருக்கு முன்பே இறந்துபோனார்.

குடியும் இருந்தது. இதை அவரே சொன்னார். 1989-இல் அமெரிக்கக் கடற்படைக் கழகத்தின் வாய்மொழி வரலாற்றுக்காக நீண்ட பேட்டி கொடுத்தார். தான் தாண்டி வந்த தடைகளை எண்ணும்போது நிறவெறி, படிப்பின்மை, இழந்த கால் என்று சொல்லிக்கொண்டே வந்து, அதே வரிசையில் குடிப்பழக்கத்தையும் வைத்தார். முதல் மூன்றும் ஊரும் விதியும் கொடுத்தவை. நான்காவது அப்படியில்லை. பதக்கம் வாங்கிய ஒருவர், பேர் நிலைத்துவிட்ட வயதில், அதைத் தன் வாயால் பதிவில் ஏற்ற வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பணியின் கடைசி ஆண்டுகளில் கடற்படையின் சிகிச்சைத் திட்டத்துக்குப் போய்த்தான் அதிலிருந்து வெளியே வந்தார்.

ஒரு குடும்பத்துக்குப் பெரியவர் என்றால் என் கணக்கில் அந்தப் பேட்டியில் பேசிய பிரஷீர்தான். வாளியில் கால் வைத்திருந்தவருக்கு இன்னும் தன்னைத் தவிர வேறு யாரையும் நினைக்க நேரம் இல்லை. அப்படி இல்லாவிட்டால் அவர் மாஸ்டர் டைவர் ஆகியிருக்கவும் முடியாது. இரண்டும் ஒரே பிடிவாதம்தான். கடலில் அது பதக்கமாக வந்தது. வீட்டில் அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதைப் பேட்டியில் பாதியாவது சொல்லிவிட்டார்.

ஓய்வுக்குப் பின்னும் சும்மா இருக்கவில்லை. அரசுப் பணியில் சாதாரண உடையில் 1993 வரை வேலை பார்த்தார். 2006 ஜூலை 25 அன்று, கால் எடுத்த அதே போர்ட்ஸ்மவுத் மருத்துவமனையில் காலமானார், வயது 75. ஒரு மகன் ராணுவத்தில் ஹெலிகாப்டர் விமானி. அப்பாவின் கடைசி நாட்களில் அவர் ஈராக் போர்முனையில் இருந்தார். அங்கிருந்து புறப்பட்டு அப்பாவின் பக்கத்துக்கு வந்து சேர்ந்தார். சின்ன வயதில் அப்பா எப்போது வருவார் என்று காத்திருந்த வீட்டுப் பிள்ளை, இந்த முறை தூரத்திலிருந்து வந்தவர் அவர்.

2008 செப்டம்பரில் சான் டியேகோவில் ஒரு சரக்குக் கப்பல் நீரில் இறங்கியது. கடலில் நிற்கும் போர்க்கப்பல்களுக்கு உணவும் உதிரிப்பாகங்களும் வெடிமருந்தும் கொண்டுபோய்ச் சேர்க்கிற கப்பல். அதற்குக் கார்ல் பிரஷீர் என்று பெயர். முறைப்படி பெயர்சூட்டும் பொறுப்பைக் கடற்படை அவருடைய பேத்திக்குக் கொடுத்தது. கென்டக்கியில், அவர் பிறந்த பகுதிக்குப் பக்கத்தில் ராட்கிளிஃப் என்ற ஊரில், முன்னாள் படைவீரர்களுக்கான பராமரிப்பு இல்லம் ஒன்றும் இப்போது அவர் பெயரில் நடக்கிறது. முதுமையில் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்படுகிற பழைய மாலுமிகளும் சிப்பாய்களும் அங்கே தங்குகிறார்கள். இப்படி ஒருவர் உங்கள் உறவிலும் இருந்தால், போரைப் பற்றிக் கேட்டது போதும். அவர் கடலில் இருந்த மாதங்களில் வீட்டில் என்ன நடந்தது என்று அவர் மனைவியையும் பிள்ளைகளையும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள், அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு.

நன்றி, வணக்கம்.